வக்பு விளையாட்டு

எங்கள் மாமாவின் கடையில் இருந்த மூன்று கணினிகளும் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மார்க்கத்துக்குத் திரும்பின. அதற்குக் காரணம் பள்ளிவாசல் மௌலவி. ஆனால் அது அவருக்கே தெரியாது. அன்றைக்கு அவர் பயானில் பேசியது தேங்காயைப் பற்றித்தான். மாம்புரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் விழுந்து கிடந்த தேங்காய்களை யாரோ பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்கள் போலிருக்கிறது. தானாக விழுந்ததென்றாலும் மரத்துக்காரனைக் கேளாமல் எடுத்தால் களவு களவுதான் என்று மௌலவி சத்தம்போட்டுச் சொன்னாராம். மற்ற ஆண்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றார்கள். மாமா மட்டும் நேரே கடைக்குப் போய், தன்னிடம் இருந்த சீடிகளையெல்லாம் ஒரு சீனிச் சாக்கில் போட்டு வாயைக் கட்டினார்.

மாமா உம்மாவின் தம்பி. கற்பிட்டி வீதியில் எங்கள் ஊர்ச் சந்தியில் கடை வைத்திருந்தார். போட்டோக்கொப்பி அடிப்பார், போனுக்கு ரீலோட் போடுவார், பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிப்பார். அந்தக் கணினிகளுக்குள் இருந்ததெல்லாம் எங்கிருந்தோ கொப்பியடித்து வந்தவை. நாடு முழுக்க அப்படித்தான் நடந்தது என்பதால் அதில் குற்றம் இருப்பதாக ஒருவருக்கும் தோன்றியதில்லை. மாமாவுக்கு அந்த வெள்ளிக்கிழமை தோன்றிவிட்டது.

"இவ்வளவு நாளும் களவுத் தேங்காயிலதான் சம்பல் அரச்சிரிக்கிறம் ராத்தா" என்று எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லிக் கிட்டத்தட்ட அழுதார்.

உம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எங்கட மரத்துத் தேங்காதானேடா தம்பி" என்று ஆறுதல் சொன்னார்.

கொழும்பில் படித்த கூட்டாளி ஒருவனிடமிருந்து மாமா புதிதாக ஒரு சீடி வாங்கி வந்தார். அதில் இருந்த எல்லா மென்பொருளும் இலவசம். இலவசம் மட்டுமில்லை, செய்தவர்களே விரும்பி எல்லாருக்கும் என்று விட்டவை. மாமா கடைக்கு வந்த ஒவ்வொருவரையும் பிடித்துவைத்து இதை விளக்கினார்.

"செஞ்சவனுகளே எழுதி வச்சிரிக்கானுகள். எடுங்க, பாவிங்க, மத்தவங்களுக்கும் குடுங்க, விரும்பினா உள்ளுக்குத் திறந்து மாத்துங்க எண்டு. ஒரு கிணத்த வெட்டி ஊருக்கு வக்பு செஞ்ச மாதிரி."

வக்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து விழுந்ததுதான் தாமதம், ஊருக்குள் குழப்பம் தொடங்கிவிட்டது. பள்ளிக்கும் பொதுவுக்கும் எழுதிவிட்ட சொத்தைத்தான் எங்கள் ஊரில் வக்பு என்பார்கள். பெரியவர்கள் சிலர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் கடைக்குள் வரத் தொடங்கினார்கள். வகுப்புக்கு வரும் ஒரு பையனின் வாப்பா, வக்புப் பொருளுக்கு எப்படிக் கட்டணம் எடுக்கலாம் என்று வந்து நியாயம் கேட்டார். கரண்டும் கடை வாடகையும் வக்பு இல்லை என்று மாமா விளக்கியபோது, அப்படியென்றால் அரைவாசி வக்பு என்று சொல்லும் என்று கோபித்துக்கொண்டு போனார். மாமா நல்லது செய்யப்போய் நாலு பேருக்குப் பதில் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார்.

எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு நடந்ததுதான் பெரிய அநியாயம். மோட்டார் சைக்கிள் ஓட்டம் போய்விட்டது. துவக்கால் சுடுவது போய்விட்டது. புதிய சீடியோடு வந்த விளையாட்டுகளில் ஒன்றைத் திறந்தால், மஞ்சள் நிறப் பலகையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள்தான் இருந்தன. காய் இல்லை, கார் இல்லை, சத்தமும் இல்லை. கோ என்று அதற்குப் பெயர். ஐந்தாம் வகுப்பில் இருந்த நான் அதைப் பார்த்துவிட்டு, இது இன்னும் கட்டி முடிக்காத விளையாட்டு என்று முடிவு செய்தேன்.

மாமா அப்படி விடுபவர் இல்லை. ஹலாலாக வந்த பொருளில் ஒன்றையும் வீணாக்கக்கூடாது என்று அதன் முன்னால் உட்கார்ந்தார். பெட்டிக்குள் அழுத்தினால் கறுப்புக் கல் பெட்டிக்குள் இருக்காமல் கோடும் கோடும் சந்திக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தது. மௌஸ் பழசு என்று மாமா புத்தளத்துக்குப் போய்ப் புதிய மௌஸ் வாங்கி வந்தார். அதில் அழுத்தி வைத்த கல்லும் சந்தியில்தான் உட்கார்ந்தது. கணினி பதிலுக்கு வெள்ளைக் கல் வைக்கத் தொடங்கியது. பிறகு அவர் வைத்த கற்களில் சில திடீரென்று காணாமல் போயின. வைரஸ் என்றார். அடுத்த நிமிடமே, இந்தச் சீடிக்கு வைரஸ் வராது என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தது தானே என்பது நினைவு வந்து, மறுபடியும் மௌஸைப் பிடித்தார்.

காணாமல் போன கற்களைப் பற்றிச் சரியாகச் சொன்னவர் வாப்பா. அவர் படகு எஞ்சின் திருத்துபவர். காலையில் கடலால் வரும் படகுகளோடு வேலை தொடங்கும், பின்னேரம் அஸர் தொழுகைக்கு முடிந்துவிடும். அன்றைக்கு என் பாடத்தைப் போட்டோக்கொப்பி அடிக்க என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவர், மாமாவின் தோளுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாலு பக்கமும் அடச்சிட்டான் மச்சான். மூச்சு விட வழி இல்லாட்டிக் கல்லு போகும். எஞ்சினும் அப்பிடித்தானே நிக்கிற."

அது சரியாக இருந்தது. அந்த விளையாட்டைப் பற்றி வாப்பா சொன்னவற்றில் சரியாக இருந்தது அது ஒன்றுதான். ஆனால் ஒரு தரம் சரியாகச் சொல்லிவிட்ட மனிதனை யார் தடுக்க முடியும்? மாமா கதிரையை விட்டு எழும்பினார், வாப்பா உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அஸர் தொழுதுவிட்டு, பொழுது சாயும் மஃரிப் வரைக்கும் அந்தக் கதிரை வாப்பாவுடையதாகிவிட்டது. மௌஸில் மண்ணெண்ணெய் மணந்தது. மாமா சவர்க்காரக்கட்டி ஒன்றை வாசல் குழாயடியில் வைத்து, "கைய கழுவிட்டுத் தொடுங்க மச்சான்" என்று ஒவ்வொரு நாளும் கெஞ்சினார்.

வாப்பா ஒவ்வொரு நாளும் தோற்றார். பெரிய பலகையில் தோற்றார். மாமா தேடிப் பிடித்து ஒன்பது கோடுள்ள சின்னப் பலகையை எடுத்துக் கொடுத்தார், அதிலும் தோற்றார். கணினியின் பலத்தை ஆகக் கீழே இறக்கி வைத்திருப்பதாக மாமா சொன்னபோது, வாப்பா அதைக் கேட்காதது போல இருந்தார். தோல்விக் கணக்கும் எங்களுக்கு விளங்கவில்லை. திரையில் இங்கிலீஷில் வருவதை மாமா வாசித்துச் சொல்வார்: வெள்ளை பன்னிரண்டரையால் வென்றது, வெள்ளை எட்டரையால் வென்றது. முழுக் கல்லை மட்டும் வைத்து விளையாடும் ஒன்றில் இந்த அரை எங்கிருந்து வந்தது என்று நாங்கள் மூவரும் திரைக்குள் தேடினோம். கறுப்பு முதலில் தொடங்குவதால் இரண்டாவதாக வரும் வெள்ளைக்கு ஐந்தரை சும்மா கொடுப்பார்களாம். கணக்கு ஒருநாளும் சமமாக முடியாமல் இருக்கத்தான் அந்த அரையாம். மாமா இதைக் கண்டுபிடிக்க ஒரு கிழமை எடுத்தார்.

"அப்ப நான் ஒண்டுமே செய்யாம குந்தியிரிக்கக்குள்ளயே அது முன்னுக்குத்தான் நிக்கிது?" என்றார் வாப்பா.

"ஓம்."

"நல்ல சட்டம்."

ஆட்டத்தின் முடிவு அதைவிடக் குழப்பம். காய் வெட்டும் டாம் விளையாடினால் ஒருவனுடைய காய்கள் தீர்ந்ததும் முடிந்துவிடும். இதில் ஒன்றும் தீராது. ஒரு கட்டத்தில் கணினி, இனி வைப்பதற்கு எனக்கு இடமில்லை என்று தன் முறையை விட்டுக்கொடுக்கும். நீங்களும் விட்டுக்கொடுத்தால் ஆட்டம் முடியும். அப்போது கணினி செய்யும் வேலைதான் வாப்பாவைக் கொதிக்க வைத்தது. பலகையில் முழுசாக நின்றுகொண்டிருக்கும் கறுப்புக் கற்கள் சிலவற்றை, இவை செத்தவை என்று அடையாளம் போட்டுக் கூட்டமாகத் தூக்கிவிடும்.

"அது சாகலயே. இன்னும் மூச்சு இரிக்கி. இந்தா, இந்தப் பக்கம் வழி இரிக்கி."

"வழி இரிக்கி மச்சான். போய்ச்சேர எடமில்ல" என்றார் மாமா.

அடுத்த ஆட்டத்தில் கணினி விட்டுக்கொடுத்தபோது வாப்பா விட்டுக்கொடுக்கவில்லை. அந்த மூலைக்குள் ஒரு கல்லை வைத்தார். கணினி மறுபடியும் விட்டுக்கொடுத்தது. மறுபடியும் வைத்தார். தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை அதுதான் நடந்தது. திரையை மட்டும் அணைத்து வைக்கச் சொல்லி, அடுத்த நாள் அஸருக்குப் பிறகு வந்து அதே ஆட்டத்தைத் தொடர்ந்தார். வகுப்புப் பிள்ளைகள் மூன்று கணினியில் இரண்டை வைத்துக்கொண்டு அடிபட்டார்கள். கடைசியில் ஊரில் கரண்ட் போய்த்தான் அந்த ஆட்டம் முடிந்தது.

வாப்பா மன்னார்க்காரர். சண்டைக்காலத்தில், தொண்ணூறாம் ஆண்டு, அங்கிருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேறச் சொன்னபோது, பதினாறு வயதில் படகில் ஏறிக் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர். இங்கேயே எஞ்சின் வேலை பழகி, இங்கேயே உம்மாவைக் கலியாணம் முடித்தார். உம்மா இந்த ஊர்க்காரர். நாங்கள் இருந்தது உம்மாவின் சீதன வீடு, பின்னால் இருந்த வெங்காயத் தோட்டமும் உம்மாவுடையது. உம்மாவின் சொந்தக்காரர்கள் கலியாண வீடுகளில் வாப்பாவைக் கண்டால் "அகதி மாப்பிள, வாங்க" என்று பகிடிக்குத்தான் கூப்பிடுவார்கள். வாப்பாவும் சிரிப்பார். அது பகிடி இல்லை என்று நான் நினைத்ததே இல்லை.

சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு வாப்பாவின் மூத்த சகோதரர், அவருடைய நானா, மன்னாருக்கே திரும்பிப் போய்விட்டார். பழைய காணியில் காடு வெட்டி, தகரம் போட்டு ஒரு வீடு கட்டியிருந்தார். கிழமைக்கு ஒரு தரம் போன் எடுத்து, "உன்ட பங்கு சும்மா கிடக்கிது, எப்ப வார?" என்று கேட்பார். வாப்பாவும் ஒரு தரம் இலவங்குளப் பாதையால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என்ன கண்டீர்கள் என்று உம்மா கேட்டதற்கு, "கிணறு இரிக்கி" என்றார். அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இராச்சாப்பாட்டோடு மன்னாரும் வந்தது. அங்கே கடல் இதைவிட நல்லது, மீன் ருசியே வேறு, எஞ்சின்காரன் ஒருவனும் அந்தப் பக்கம் இல்லை, போனால் பிழைக்கலாம் என்று வாப்பா சொல்லிக்கொண்டே போவார். உம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார்.

ஒரு நாள் உம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. வாப்பா அன்றைக்கு வெள்ளை பதினேழரையால் வென்ற கவலையோடு வந்து, சோற்றுக்கு முன்னால் மன்னாரைத் தொடங்கியிருந்தார்.

"இஞ்ச பாருங்க" என்றார் உம்மா. "தம்பிட கடயில இரிக்கிற அந்தப் பெட்டிய ஒரு தரம் வெண்டுட்டு வாங்க. அடுத்த பஸ்ஸிலயே மன்னாருக்குப் போவம். நான் சாமானக் கட்டுறன்."

"மெய்யா?"

"மெய்தான். அல்லா மேல."

வாப்பா சிரித்தார். உம்மாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிவிட்டால் அது சிரிப்பு இல்லை என்று குர்ஆன் ஓதுமிடத்தில் படிப்பித்திருந்தார்கள்.

அன்றிலிருந்து எனக்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. வாப்பா வென்றால் நாங்கள் போக வேண்டும். பள்ளிக்கூடம், என் கூட்டாளி, பின்னேரம் வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் பாயும்போது காலை நனைப்பது எல்லாம் போய்விடும். வாப்பா தோற்றால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. தொழுதுவிட்டுக் கையை ஏந்தினால் வாப்பா வெல்ல வேண்டும் என்று ஒரு துஆவும், வெல்லக்கூடாது என்று ஒரு துஆவும் கேட்பேன். இரண்டும் சேர்ந்து மேலே போனால் எதை முதலில் எடுப்பார்கள் என்று தெரியவில்லை. வேறொரு பயமும் இருந்தது. பந்தயம் ஹராம். உம்மா வைத்தது பந்தயமென்றால், மன்னாருக்குப் போவதே ஹராமாகிவிடுமா? மாமாவிடம் கேட்டேன். களவுத் தேங்காய்க்கே கலங்கியவர், இதைக் கேட்டதும் தாடியைச் சொறிந்தார். பிறகு போட்டோக்கொப்பி அடிக்க வந்த மௌலவியிடமே கேட்டுவிட்டார்.

மௌலவி திரையைக் குனிந்து பார்த்தார். "தாயம் உருட்டுறதில்லயா?"

"இல்ல ஹஸரத்."

"தொழுகைக்கு எழும்பி வாராரா?"

"வாரார்."

"பந்தயமெண்டா ரெண்டு பக்கமும் ஒண்ட வைக்கணும். இந்தக் கொம்பியூட்டர் என்னத்த வச்சிரிக்கி? ஒண்டுமில்லயே." கொப்பிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு இன்னும் குழம்பியது. கணினி ஒன்றும் வைக்கவில்லையென்றால் வாப்பா யாரோடு விளையாடுகிறார்?

உம்மா வாக்குக் கொடுத்த செய்தி கடைக்குப் போனதிலிருந்து மாமாவும் மாறிவிட்டார். முன்பு கையைக் கழுவச் சொல்லி அலுத்துக்கொண்டவர், இப்போது வாப்பா தோற்றால் "நாளைக்கு மச்சான், நாளைக்கு" என்று தேத்தண்ணீர் வார்த்துக் கொடுத்தார். ராத்தா வீட்டை விட்டுப் போய்விடக் கூடாதே என்ற பயம் அவருக்கும் இருந்திருக்க வேண்டும். ஆனால் தன் கடையில் ஒரு மனிதன் ஒவ்வொரு நாளும் தோற்பதையும் அவரால் தாங்க முடியவில்லை. அவரும் என்னைப் போல இரண்டு துஆ கேட்டாரோ என்னவோ.

வாப்பா வென்றது மழைக்காலம் தொடங்கிய ஒரு நாளில். கடலுக்குப் படகு போகாததால் வாப்பா மத்தியானம் லுஹருக்கே கடைக்கு வந்துவிட்டார். எப்போதும் சாகும் அதே மூலையில்தான் அன்றும் சண்டை. நானும் மாமாவும் இரண்டு வகுப்புப் பிள்ளைகளும் பின்னால் நின்றோம். வெள்ளை சுற்றி அடைத்துக்கொண்டு வந்தது. வாப்பா வெளியே ஓடப் பார்க்கவில்லை. அதுவரை எல்லா ஆட்டத்திலும் ஓடத்தான் பார்த்திருந்தார். அன்றைக்கு உள்ளுக்குள்ளேயே இரண்டு சின்ன வெற்றிடங்களைப் பிரித்து எடுத்துக்கொண்டு அமைதியாக இருந்துவிட்டார். ஒரு வெற்றிடமென்றால் வெள்ளை நுழைந்து மூச்சை அடைக்கலாம், இரண்டென்றால் ஒருநாளும் முடியாது. இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வாப்பாவும் தெரிந்து செய்தாரா, தற்செயலாக நடந்ததா என்று எனக்குத் தெரியாது. கணினி விட்டுக்கொடுத்தது. வாப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுத் தானும் விட்டுக்கொடுத்தார். அந்த மூலையில் ஒரு கல்லையும் கணினி தூக்கவில்லை.

மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"கறுப்பு. கறுப்பு வெண்டிரிக்கி மச்சான். அரையால."

பிள்ளைகள் கத்தினார்கள். மாமா அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி வாப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினார், பிறகு ஏதோ நினைவு வந்தவர் போலக் கையை எடுத்தார். வாப்பா அசையவில்லை.

"திரும்ப எண்ணச் சொல்லு."

"அது எண்ணினா எண்ணினதுதான்."

"ஐந்தரையும் சேத்தா எண்ணிரிக்கி?"

"எல்லாம் சேத்துத்தான். நீங்க வெண்டுட்டீங்க."

வாப்பா எழும்பிக் குழாயடிக்குப் போய்க் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். வேலை முடிந்த பிறகு எதற்குக் கழுவுகிறார் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிளின் முன் பாரில் நான் இருந்தேன். களப்புக் கரையில் வாப்பாவின் போன் அடித்தது. நிறுத்தி எடுத்துப் பார்த்தார். மன்னாரிலிருந்து நானா. அடித்து ஓயும்வரை கையில் வைத்துக்கொண்டே இருந்துவிட்டுச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"மகள், உம்மாட்ட சொல்ல வேணாம்."

"ஏன் வாப்பா? வெண்டுட்டீங்கதானே?"

"அரையால வெல்றது ஒரு வெற்றியா?"

சைக்கிள் மறுபடியும் ஓடத் தொடங்கியது. போகாமல் இருக்கப் போகிறோம் என்ற சந்தோசம் எனக்கு வந்தது, வந்தவுடனே அழுகையும் வந்தது.

வீட்டில் உம்மா கட்டிலில் ஒரு பெரிய பிரயாணப் பையைத் திறந்து வைத்திருந்தார். என் பள்ளிக்கூடச் சட்டைகள் மடித்து உள்ளே இருந்தன. வாப்பாவின் சாரங்கள் இருந்தன. அலுமாரிக் கதவு இரண்டும் அகலத் திறந்து கிடந்தது. உம்மாவின் முகம் மையித்து வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்திருப்பவர்களின் முகம் போல இருந்தது, கை மட்டும் மடித்துக்கொண்டே இருந்தது. வாப்பா வாசலில் நின்று அந்தப் பையைப் பார்த்தார். உம்மா நிமிர்ந்து வாப்பாவைப் பார்த்தார்.

"தோத்துட்டன்" என்றார் வாப்பா.

உம்மாவின் கை நின்றது.

"எவ்வளவால?"

"அரையால."

"பரவால்ல" என்றார் உம்மா. "நாளைக்குப் பாருங்க." ஒவ்வொரு சட்டையாகப் பையிலிருந்து எடுத்து, மடிப்புக் கலையாமல் அலுமாரிக்குள் திருப்பி வைத்தார். வாப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்து தன் சாரங்களை எடுத்துக் கொடுத்தார்.

எனக்கு அந்தப் பொய்யை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. வாப்பா மஃரிபுக்குப் பள்ளிக்குப் போனதும் குசினிக்குப் போய், சோறாக்கிக்கொண்டிருந்த உம்மாவின் காதில் சொல்லிவிட்டேன்.

"உம்மா, வாப்பா வெண்ட."

"தெரியும் மகள். நீங்க வந்து சேர முந்தியே மாமா போன் பண்ணின."

"அப்ப ஏன் தோத்த எண்டு சொல்ற? நீங்க ஏன் ஒண்டும் சொல்லல்ல?"

"போய் முகத்தக் கழுவிட்டு வாங்க. சோறு தின்னுவம்."

இப்போது எனக்கும் கலியாணம் முடிந்து, சீதன வீட்டில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறார். வாப்பா இன்றுவரை மன்னாருக்குக் குடிபோகவில்லை. பெருநாளைக்குப் போய் நானாவைப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் திரும்பி வந்துவிடுவார். போகவிடாமல் யாரோ தடுத்துக்கொண்டிருந்த இருபது வருடமும் அவர் மன்னார்க்காரராகவே இருந்தார். பாதை திறந்தது, உம்மாவும் சம்மதித்தார், பையும் கட்டியாயிற்று. இனித் தடுப்பதற்கு ஒருவருமில்லை என்ற அந்த ஒரு பின்னேரம் அவரை எவ்வளவு பயப்படுத்தியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. போக விருப்பமே இல்லாமல் வாக்குக்காகச் சாமான் கட்டிய உம்மாவை நினைத்தாலும் அப்படித்தான். ஆனால் அன்றைக்கு இதில் ஒரு சொல்லும் எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் அஸர் தொழுதுவிட்டு வாப்பா வழக்கம்போலச் சட்டையை மாற்றினார். உம்மா கண்ணாடிப் போத்தலில் தேத்தண்ணீர் ஊற்றிக் கையில் கொடுத்து, "கவனமா விளயாடுங்க" என்று அனுப்பினார். மஃரிபுக்குப் பிறகு வந்தவர், தோற்றுவிட்டேன் என்றார். நாளைக்குப் பாருங்கள் என்றார் உம்மா. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். வாப்பா மெய்யாகவே தோற்றாரா என்று மாமாவிடம் கேட்டால், அவர் அலுமாரிக்குப் பின்னால் எதையோ தேடத் தொடங்கிவிடுவார். அரை வரைக்கும் கணக்குப் பார்க்கத் தெரிந்த இந்தப் பெரியவர்கள் மூவருக்கும், கடைசியில் யார் வென்றது என்று மட்டும் எண்ணத் தெரியாது என்று நினைத்து, நான் அவர்களுக்காக வெட்கப்பட்டேன்.